கழுத்தைத் தொட முன்

மாசி மாதத்து ஒரு பின்னேரம். மார்க்கம் ரோட்டும் ஃபின்ச்சும் சந்திக்கிற இடத்தில் சிவப்பு லைற்றுக்கு நிற்கிறேன். பக்கத்துச் சீற்றில் மாமி, மடியில் கோயிலில் கொடுத்த வடைப் பை. அவர் ஏதோ கேட்க, அவர் பக்கம் தலையைத் திருப்பினேன். அந்த நேரம் பார்த்துப் பின்னால் வந்த வான் பனியில் வழுக்கிக்கொண்டு வந்து இடித்தது.

பெரிய இடி என்று சொல்ல முடியாது. பம்பர் உள்ளே போயிருந்தது, டிக்கி திறக்கவில்லை, அவ்வளவுதான். "எனக்கு ஒண்டுமில்லைத் தம்பி, நீங்கள் காரைப் பாருங்கோ" என்றார் மாமி. விபத்தைப் பதிகிற பொலிஸ் நிலையத்துக்குப் போய் இரண்டு பேரும் ஒரு மணி நேரம் கதிரையில் இருந்தோம். இரவு புட்டும் சாப்பிட்டுவிட்டுத்தான் படுத்தேன்.

விடியத்தான் தெரிந்தது. தலையணையிலிருந்து தலையைத் தூக்க இரண்டு கையும் தேவைப்பட்டது. பிடரியிலிருந்து வலது தோள்மூட்டு வரைக்கும் கயிறு போட்டு இறுக்கிக் கட்டிய மாதிரி.

அதற்குப் பிறகு வந்த நாட்களைப் பற்றி எழுதவேண்டும் என்று கனநாளாக நினைத்திருந்தேன். ஸ்காபரோவில் எங்கள் ஆட்களுக்குக் கார் அடிபட்டால், இழுவை வண்டி வர முன்னமே யாராவது ஒரு கைரோபிராக்டரின், அதாவது முள்ளந்தண்டையும் மூட்டுகளையும் கையால் அசைத்து வைத்தியம் செய்கிறவரின், பெயரைச் சொல்லிவிடுவார்கள். அவர் என்ன படித்தவர், அடிபட்ட உடம்பைப் பார்க்க அவருக்கு என்ன பயிற்சி இருக்கிறது என்று நாங்கள் கேட்பதில்லை. நானும் கேட்கவில்லை.

"மச்சான், ஒரு கிளினிக் இருக்கு. கிளெயிம் வேலையெல்லாம் அவங்களே பார்ப்பாங்கள்" என்றான் கூட்டாளி ஒருவன். போனேன். பெயர் வேண்டாம். உள்ளே போனதும் நாலைந்து படிவம். இரண்டில் திகதியும் இல்லை, என்ன சிகிச்சை என்றும் எழுதியிருக்கவில்லை. "சைன் பண்ணுங்கோ, பிறகு நிரப்புவம்" என்றார்கள். வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒருவர் வந்தார். "எங்கை நோகுது?" என்ற ஒரு கேள்விதான். குப்புறப் படுக்க வைத்து நாரியை அமுக்கினார், மல்லாத்தினார், தலையை இரண்டு கையாலும் பிடித்து ஒரு திருப்பு. 'டக்' என்று சத்தம். "சரி, இடத்துக்கு வந்திட்டுது" என்றார். போன நேரத்திலிருந்து வெளியே வந்த நேரம் வரைக்கும் பதினைந்து நிமிடம் இருக்கும். மறுநாள் மாமியையும் கூட்டிவரச் சொன்னார்கள்.

அன்றிரவு என் வலது பெருவிரலும் சுட்டுவிரலும் விறைத்துப்போயின. தேநீர்க் கோப்பையின் சூடு அந்த இரண்டு விரலுக்கும் தெரியவில்லை.

அந்தத் திருப்பால்தான் விறைப்பு வந்தது என்று நான் சொல்ல வரவில்லை. இடித்த இடியிலேயே நரம்பு நெரிபட்டு, பிந்தி வெளிக்காட்டியிருக்கலாம். என் குறை வேறு. கையில் விறைப்பு இருக்கிறதா, தலை சுற்றுகிறதா, கண் இரண்டிரண்டாகத் தெரிகிறதா என்று அவர் ஒன்றையுமே கேட்கவில்லை. கேட்கத் தெரியாமல் கேட்கவில்லையோ, நேரமில்லாமல் கேட்கவில்லையோ, படுத்துக் கிடக்கிறவனுக்கு இரண்டும் ஒன்றுதான்.

மனைவியின் வேலையிடத்துச் சினேகிதி ஒருத்தி வேறொருவரைச் சொன்னார். ஒரு பிளாசாவுக்குள் பலசரக்குக் கடைக்கு மேல்மாடியில் சின்னக் கிளினிக். எங்கள் பிள்ளைதான், சின்ன வயதிலேயே இங்கே வந்தவர். மாமியையும் கூட்டிக்கொண்டு போனேன்.

முதல் முக்கால் மணி நேரம் அவர் என்னைத் தொடவே இல்லை. கேள்விதான். இடித்தது வானா, பெரிய ட்ரக்கா? இடித்த வேகத்தில் உங்கள் கார் எதிரே வந்த வாகனங்களுக்குள் தள்ளப்பட்டதா? தலை நேராக இருந்ததா, திரும்பியிருந்ததா? சீற்றின் தலைச்சாய்ப்பு உங்கள் காதுக்கு மேலே நின்றதா, பிடரிக்குக் கீழேயா? இறங்கி நடந்தீர்களா? நோவு அப்போதே வந்ததா, விடிந்தபிறகா? நினைவு தப்பியதா? இரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுக்கிறீர்களா? விரல் விறைப்பைச் சொன்னதும் பேனையை வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார். பஞ்சாலும் ஊசியின் மொட்டை முனையாலும் விரல்களைத் தொட்டுப் பார்த்தார். சிறிய சுத்தியலால் முழங்கை மடிப்பில் தட்டினார். இடது கை துள்ளிய அளவுக்கு வலது கை துள்ளவில்லை.

"அங்கிள், இண்டைக்கு உங்கடை கழுத்தை நான் அசைக்கப் போறேல்லை" என்றார். "முதல்லை எலும்பு முறிஞ்சிருக்கா எண்டு பார்க்கவேணும். ஆஸ்பத்திரிக்குக் கடிதம் தாறன்."

மாமிக்கு நோவு குறைவு, விறைப்பு இல்லை. ஆனால் அவரையும் படம் எடுக்க அனுப்பினார். "அம்மம்மாவுக்கு எழுபத்திரண்டு வயசு. அது ஒண்டே காணும்."

பிறகுதான் இந்த முடிவுகள் எங்கிருந்து வந்தன என்று விளங்கிக்கொண்டேன். ஒட்டாவாவைச் சேர்ந்த அவசரப்பிரிவு மருத்துவர் இயன் ஸ்டீல் தலைமையில் 2001இல் வெளிவந்த ஒரு விதி இருக்கிறது. கனடியக் கழுத்தெலும்பு விதி என்று சொல்லலாம். அடிபட்டவருக்கு 65 வயதோ அதற்கு மேலோ என்றால், அடிபட்ட விதம் ஆபத்தானது என்றால், கை காலில் விறைப்போ கூச்சமோ இருந்தால், கழுத்தைத் திருப்பிப் பார்க்கவே கூடாது, நேரே படம் எடுக்கவேண்டும். இந்த மூன்றும் இல்லை, ஆபத்துக் குறைவு என்று காட்டுகிற அறிகுறி ஒன்றாவது இருக்கிறது என்றால்தான் தலையை இரு பக்கமும் 45 பாகை திருப்பச் சொல்லலாம். திருப்ப முடிந்தால் படம் தேவையில்லை. வான் சாதாரணமாகப் பின்னால் இடித்தது, நான் நடந்தேன், நோவு பிந்தி வந்தது, இவையெல்லாம் எனக்குச் சாதகமான பதில்கள். விறைப்பு என்ற ஒன்று அத்தனையையும் தள்ளிவிட்டது. மாமிக்கு வயது.

இரண்டு பேரின் படத்திலும் முறிவு இல்லை.

மூன்றாம் தடவை போனபோது கேட்டேவிட்டேன்: "பிள்ளை, குறை நினைக்கக்கூடாது. நீங்கள் எங்கை, எத்தனை வருசம் படிச்சனீங்கள்?" இப்படி யாரும் தன்னிடம் கேட்டதில்லை என்றார். கேட்டது அவருக்குச் சந்தோசமாகவே இருந்தது.

பல்கலைக்கழகத்தில் நாலு வருடம் உயிரியல். பிறகு ரொறொன்ரோவில் உள்ள கனடியன் மெமோரியல் கைரோபிராக்டிக் கல்லூரியில் நாலு வருடம். 1945இல் தொடங்கிய கல்லூரி அது, இப்போது லெஸ்லி வீதியில் இருக்கிறது. உள்ளே போகவே குறைந்தது மூன்று வருடப் பல்கலைக்கழகப் படிப்பு வேண்டும். கனடாவில் இதைவிட்டால் கியூபெக்கின் த்ருவா ரிவியேரில் பிரெஞ்சு மொழியில் நடக்கிற பல்கலைக்கழகப் படிப்புத்தான். இறந்தவர் உடலை அறுத்துப் படிக்கும் உடற்கூற்று வகுப்பு, நரம்பியல், எக்ஸ்ரே எடுப்பது, அதை வாசிப்பது, கடைசி வருடம் முழுக்க மேற்பார்வையாளர் பக்கத்தில் நிற்க நோயாளிகளைப் பார்ப்பது. அதன்பிறகு நாடு தழுவிய தேர்வு, மாகாணத்தின் சட்டத் தேர்வு.

எனக்கு அதிசயமாக இருந்தது வேறொன்று. அந்தக் கல்லூரியில் விசையை அளக்கும் கருவி பொருத்திய படுக்கை இருக்கிறது. மாணவர் அதன்மேல் அமுக்கிப் பழகும்போது எவ்வளவு விசை, எவ்வளவு வேகம், எந்தத் திசை என்பது திரையில் கோடாக விழும். முள்ளந்தண்டைச் சொடுக்கும் அந்த அசைவு ஒரு விநாடியில் ஐந்திலொரு பங்குக்கும் குறைந்த நேரம்தான் நடக்கிறது. கையின் உணர்வை மட்டும் நம்பி அதைக் கற்பிக்காமல், கோட்டைப் பார்த்துத் திருத்தித் திருத்திப் படிப்பிக்கிறார்கள். "குறைச்சு அமுக்கப் பழகிறதுதான் கஷ்டம் அங்கிள்" என்றார். நோயாளியாக நான் கேட்ட வார்த்தைகளில் எனக்கு அதிக நிம்மதி தந்தது இதுதான்.

ஒன்ராறியோவில் முள்ளந்தண்டு மூட்டை வழமையாக அசையும் எல்லைக்கு அப்பால் வேகமாகத் தள்ளுவது சட்டத்தால் கட்டுப்படுத்தப்பட்ட செயல். அனுமதி பெற்ற சில தொழில்களைச் சேர்ந்தவர்கள் மட்டுமே செய்யலாம். கைரோபிராக்டர் தன்னை 'டொக்டர்' என்று அழைத்துக்கொள்ளவும், நோய் இன்னது என்று நோயாளிக்குச் சொல்லவும் சட்டம் இடம் தருகிறது. மருந்து எழுதத் தராது. இதை எல்லாம் பார்த்துக்கொள்வது ஒன்ராறியோ கைரோபிராக்டர்கள் கல்லூரி. பெயர் கல்லூரி என்றாலும் படிப்பிக்கிற இடம் இல்லை, பொதுமக்களுக்காகத் தொழிலைக் கண்காணிக்கிற அமைப்பு. அதன் பதிவேடு இணையத்தில் யாரும் பார்க்கும்படி இருக்கிறது. ஒருவர் மீது ஒழுங்கு நடவடிக்கை எடுக்கப்பட்டிருந்தால் அதுவும் அங்கே இருக்கும்.

விபத்தில் அடிபட்டவர்களைப் பார்க்க இந்தப் படிப்பு மட்டும் காணுமா? அவரே "அது அடித்தளம்" என்றார். அதன்மேல் விளையாட்டுக் காயம், புனர்வாழ்வு, எலும்பு மூட்டு, எக்ஸ்ரே வாசிப்பு என்று சிறப்புத் துறைகள் இருக்கின்றன. அவற்றில் சேர்ந்தால் மேலும் சில வருடப் படிப்பும் பரீட்சையும். சனி ஞாயிறு நடக்கிற வகுப்புக்குப் போய் வாங்கிவந்த சான்றிதழும் இருக்கிறது. சுவரில் இரண்டும் ஒரே மாதிரிச் சட்டத்துக்குள் தொங்கும். இரண்டும் ஒன்றல்ல. எத்தனை நாள் படித்தீர்கள், பரீட்சை இருந்ததா என்று கேட்டால் பதில் வந்துவிடும்.

இந்தத் தொழிலின் பிறப்பையும் கொஞ்சம் சொல்லவேண்டும், ஏனென்றால் இன்றைய குழப்பத்தின் வேர் அங்கேதான் இருக்கிறது. கைரோபிராக்டிக்கைத் தொடங்கிய டி. டி. பாமர் பிறந்தது 1845இல், எங்கள் ஸ்காபரோவுக்குப் பக்கத்துப் பிக்கரிங்கில். நான் வேலைக்குப் போகிற வழி. அமெரிக்காவுக்குப் போய் ஐயோவா மாநிலத்து டவன்போர்ட்டில் காந்த வைத்தியம் செய்துகொண்டிருந்தவர், 1895 செப்டெம்பரில் ஹார்வி லில்லார்ட் என்ற கட்டடத் துப்புரவுத் தொழிலாளியின் முதுகை அமுக்கினார், அவருக்குக் கேளாத காது கேட்டது என்பது அவர்களுடைய கதை. அதிலிருந்து பாமர் எடுத்த முடிவு மிகப் பெரியது: நோய்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து, இடம் விலகிய முள்ளெலும்பால் வருகிறது என்று எழுதினார். அந்தக் கூற்றுக்கு ஆதாரம் கிடைக்கவில்லை. கிடைக்கப்போவதுமில்லை. ஆனால் அந்த நம்பிக்கையில் இன்றும் நிற்கிற ஒரு பிரிவு இருக்கிறது. "எலும்பு விலகியிருக்கு, வருசம் முழுக்க வாங்கோ" என்பவர்கள் அவர்கள்.

'இடத்துக்கு வந்திட்டுது' என்று எனக்குச் சொன்னாரே, அதுவும் அந்தப் பழைய நம்பிக்கையின் மிச்சம்தான். அந்தச் சத்தம் எலும்பு இடத்தில் விழும் சத்தம் இல்லை. மூட்டுக்குள் இருக்கும் திரவத்தில் மூட்டுப் பரப்புகள் சட்டென்று பிரியும்போது வாயு வெற்றிடம் ஒன்று உருவாகிறது. 2015இல் அல்பேர்ட்டா பல்கலைக்கழகத்தில் விரல் மூட்டை எம்.ஆர்.ஐ. இயந்திரத்துக்குள் வைத்துச் சொடுக்கிப் படம் பிடித்துக் காட்டினார்கள். அந்த ஆய்வை நடத்திய கிரெக் கௌச்சக்கும் கைரோபிராக்டராகப் படித்தவர்தான். தன் தொழிலின் பழங்கதையைத் தானே சோதித்துப் பார்க்கிற பிரிவும் இந்தத் தொழிலுக்குள் இருக்கிறது. எங்கள் டொக்டரை நான் அந்தப் பிரிவில் வைக்கிறேன்.

என் கழுத்துக்கு என்ன நடந்தது என்பதை ஒரு பிளாஸ்ரிக் முள்ளந்தண்டை வைத்து விளக்கினார். பின்னால் இடிபட்டதும் சீற் உடம்பை முன்னே தள்ளுகிறது, தலை அந்த இடத்திலேயே நின்றுவிடுகிறது. கழுத்தின் கீழ்ப்பகுதி பின்னால் வளைய, மேற்பகுதி முன்னால் வளைய, ஒரு கணம் கழுத்து நெளிந்த பாம்பு மாதிரி ஆகிறது. இது தசை விழித்துக்கொண்டு இறுக முன்னமே நடந்து முடிந்துவிடும். முள்ளெலும்புகளின் பின்பக்கத்துச் சிறு மூட்டுகளும் அவற்றைச் சுற்றிய உறையும் அப்போது இழுபடுகின்றன. நான் மாமியின் பக்கம் திரும்பியிருந்ததால் ஒரு பக்கத்துக்கு இழுவை அதிகம்.

இந்தக் காயத்துக்குத் தரம் உண்டு. 1995இல் கியூபெக்கில் கூடிய நிபுணர் குழு வகுத்தது. நோவும் இறுக்கமும் மட்டும் என்றால் முதலாம் தரம். கழுத்து அசைவு குறைந்தால், அமுக்க நொந்தால் இரண்டாம் தரம். நரம்பு பாதிப்பின் அடையாளம் இருந்தால் மூன்றாம் தரம். முறிவோ மூட்டு விலகலோ நாலாம் தரம். சுத்தியலுக்கு என் வலது கை சரியாகத் துள்ளவில்லையே, அந்தச் சின்ன விசயம் என்னை மூன்றாம் தரத்தில் கொண்டுபோய் வைத்தது. ஒன்ராறியோவின் கார்க் காப்புறுதியில் சிறு காயம் என்று எழுதப்பட்டால் சிகிச்சைக்கு உச்சவரம்பு 3,500 டொலர். நரம்பு பாதிப்பு பரிசோதனையில் தெரிந்து, அது எழுதப்பட்டிருந்தால் அந்த வரம்புக்குள் அடைக்க முடியாது. முதல் கிளினிக்கில் யாரும் சுத்தியலை எடுக்கவில்லை. எடுக்காததால் என் கோப்பில் சிறு காயம் என்றே போட்டிருந்தார்கள். கிளெயிம் வேலையில் கெட்டிக்காரர் என்று பெயர் வாங்கிய இடம் அது.

ஆபத்தைப் பற்றியும் அவர் ஒளிக்கவில்லை. கழுத்தெலும்பின் துளைகளுக்குள்ளால் மூளைக்கு ஏறுகிற இரத்தக்குழாய் இருக்கிறது. அதன் உட்சுவர் கிழிந்தால் பக்கவாதம் வரும். மிக அரிது, ஆனால் வந்தால் உயிரே போகலாம். கழுத்தைச் சொடுக்குவதற்கும் இதற்கும் தொடர்பு உண்டா என்பது பல வருட வழக்கு. ஒன்ராறியோ மக்களின் மருத்துவப் பதிவுகளைக் கொண்டு 2008இல் வந்த ஆய்வு, கைரோபிராக்டரிடம் போனவர்களிடம் தெரிந்த தொடர்பு குடும்ப வைத்தியரிடம் போனவர்களிடமும் தெரிந்தது என்றது. குழாய் ஏற்கனவே கிழிந்தவர்தான் கழுத்து நோகுது என்று இரண்டு பேரிடமும் போகிறார் என்று ஆய்வாளர்கள் அதற்கு விளக்கம் சொன்னார்கள். எனக்கு அது முழு ஆறுதல் தரவில்லை. அந்த விளக்கம் சரி என்றே வைத்தாலும், கிழிந்த குழாயோடு வருகிறவரைக் கண்டுபிடித்துச் சொடுக்காமல் ஆஸ்பத்திரிக்கு அனுப்பத் தெரிந்திருக்கவேண்டுமே. பயிற்சி என்று நான் சொல்வது இதைத்தான்.

வீட்டில் இதைக் கதைத்துக்கொண்டிருந்தபோது மாமி தன் சின்ன வயதுக் கதை ஒன்றைச் சொன்னார். கிணற்றுக்கட்டில் வழுக்கி விழுந்து கை வீங்கியபோது முறிவு நெரிவு பார்க்கிற பரியாரியாரிடம் கொண்டுபோயிருக்கிறார்கள். அவர் விரல்நுனியால் கனநேரம் தடவிப் பார்த்து, எண்ணெய் பூசி, புக்கை கட்டி, மட்டை வைத்துக் கட்டிவிட்டார். கை நேரானது. அதே ஆண்டு மாமியின் தமையன் மாமரத்தால் விழுந்தபோது அந்தப் பரியாரியார் கட்டவே மறுத்துவிட்டாராம். "எலும்பு தோலைக் கிழிச்சுக்கொண்டு வந்திட்டுது. இது என்ரை வேலை இல்லை. பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடுங்கோ." கதையை முடித்துவிட்டு மாமி சொன்னார்: "உந்தப் பிள்ளையும் அவரை மாதிரித்தான்."

அடுத்த வாரங்களில் அவர் செய்ததைச் சொன்னால் ஏமாந்துபோவீர்கள். கழுத்துப் பட்டி போடவேண்டாம் என்றார். படுத்துக் கிடக்காமல் நடமாடச் சொன்னார். நாடியை உள்ளே இழுக்கும் பயிற்சி, தோள்பட்டையைப் பின்னே சேர்க்கும் பயிற்சி, நரம்பு வழுக்கி அசையக் கையை மெதுவாக நீட்டி மடக்கும் பயிற்சி. நடு முதுகில் மட்டும் மெதுவான அமுக்கம். ஒவ்வொரு முறையும் சுத்தியலும் பஞ்சும். என் குடும்ப வைத்தியருக்கு இரண்டு தடவை கடிதம் எழுதினார். விறைப்பு கூடினால், கையில் பலம் குறைந்தால் அன்றே கூப்பிடச் சொல்லித் தன் நேரடி இலக்கத்தைத் தந்தார். மாமிக்கு நாலு தடவை பார்த்துவிட்டு, "அம்மம்மா, இனி வரத் தேவையில்லை" என்று அனுப்பிவிட்டார். காப்புறுதியில் காசு மிச்சம் இருந்தது.

எங்கள் ஆட்களிடம் கேட்பது இதுதான். அடிபட்டால் ஏழு நாளுக்குள் காப்புறுதிக்காரருக்குச் சொல்லுங்கள். வெற்றுப் படிவத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். முன்னொருபோதும் இல்லாத மாதிரித் தலை இடித்தால், பேச்சுக் குழறினால், விழுங்கக் கஷ்டமாக இருந்தால், கண் இரண்டாகத் தெரிந்தால் எந்தக் கிளினிக்குக்கும் போகாமல் 911ஐக் கூப்பிடுங்கள். கைரோபிராக்டரிடம் போக முன் அவர் பெயரைப் பதிவேட்டில் தட்டிப் பாருங்கள். எங்கே படித்தீர்கள், விபத்துக் காயத்துக்கு மேலதிகமாக என்ன படித்தீர்கள் என்று முகத்துக்கு நேரே கேளுங்கள். கோபப்பட்டால் எழும்பி வந்துவிடுங்கள். முதல் நாளே கேள்வி கேட்காமல் கழுத்தில் கை வைத்தாலும் எழும்பி வந்துவிடுங்கள்.

என் விரல் விறைப்பு ஒன்பதாவது வாரம் முழுதாகப் போனது. அந்த ஒன்பது வாரத்தில் அவர் என் கழுத்தை ஒரு தடவைகூடச் சொடுக்கவில்லை.